கால்வாய்க் கரைப் பால்வாடி

சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய் எங்கள் ஊரைத் தொட்டுத் திரும்பும் இடத்தில் ஒரு பூவரச மரம் நின்றது. அதன் நிழலில் ஒற்றை அறையுள்ள ஓட்டுக் கட்டடம். முன்னால் ஆற்று மணல் கொட்டிய முற்றம், பின்னால் சமையலுக்கு ஒரு சாய்ப்பு. உள்ளே சுவரைச் சுற்றி அம்மா, ஆடு, இலை, ஈ என்று எழுத்துப் படங்கள் வரிசையாக இருந்தன. கூரை ஓடுகளுக்கு நடுவே பதித்திருந்த கண்ணாடி வழியாக ஒரு சதுர வெயில் தரையில் விழும். அந்தச் சதுரம் சாய்ப்பு வாசல் வரைக்கும் நகர்ந்துவிட்டால் சோற்று நேரம் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். நேரம் பார்க்க நாங்கள் கற்ற முதல் வழி அது.

1980களின் தொடக்கத்தில் நான் அங்கே போனேன். 1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு, பால்வாடிக்குப் போகும் 2 வயது முதல் 5 வயது வரையிலான குழந்தைகளுக்கும் சேர்த்தே வந்த திட்டம் அது. அதனால் எங்கள் படிப்பும் சோறும் ஒரே கூரையின் கீழே நடந்தன. பருப்பு வேகும் வாசனையில்தான் அ, ஆ படித்தோம்.

உண்மையில் அங்கே முதல் பாடம் எழுத்தே அல்ல, கை கழுவுவது. ஆயாம்மா செம்பில் தண்ணீர் மோந்து நிற்பார். வரிசையில் போய்க் கையை நீட்ட வேண்டும். நகத்தில் அழுக்கு இருந்தால் வரிசையின் கடைசிக்குப் போகச் சொல்வார். அடுத்த பாடம் காத்திருப்பது. எல்லாத் தட்டிலும் சோறு விழும்வரை யாரும் வாயில் வைக்கக் கூடாது. மேலத்தெரு, கீழத்தெரு, கால்வாய்க்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பு என்று தெருவுக்குத் தெரு ஏற்றத்தாழ்வு பார்த்த ஊர் அது. ஒருவர் வீட்டுத் திண்ணையில் இன்னொருவர் உட்காராத காலத்தில், அத்தனை தெருப் பிள்ளைகளும் தொடையோடு தொடை ஒட்டி உட்கார்ந்து ஒரே அண்டாச் சோற்றைத் தின்றோம். இதைவிடப் பெரிய பாடம் எதையும் அதற்குப் பிறகு நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை.

எழுத்து மணலில் தொடங்கியது. டீச்சர் குனிந்து ஒவ்வொரு பிள்ளையின் சுட்டுவிரலையும் பிடித்து முற்றத்து மணலில் 'அ' போடுவார். சுழித்து, வளைத்து, கீழே இறக்கி முடிக்கும்போது விரல் நுனி சுடும். தப்பாகப் போனால் உள்ளங்கையால் தடவினால் போதும், மணல் மறுபடி வெறுமையாகிவிடும். அடிக்கோடும் சிவப்பு மையும் இல்லாத எழுத்து அது.

இந்த மணல் எழுத்துக்கு உலகம் சுற்றிய வரலாறு உண்டு. சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைச் சிறுவர்களுக்கான விடுதிப் பள்ளியை 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் வழக்கத்தையும் சேர்த்து 1797இல் லண்டனில் ஒரு நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவியது. திண்ணைப் பள்ளிக்கூடத்து மணல் அத்தனை தூரம் போயிருக்கிறது என்று பெரியவளான பிறகு படித்தபோது, எங்கள் முற்றம் என் கண்ணில் இன்னும் அகலமானது.

மணல் கைக்கு வந்த பிறகுதான் சிலேட்டு. அதைத் துடைக்கக் கால்வாய் வேலியில் படர்ந்திருந்த கோவை இலையைப் பறித்து வருவோம். அடுப்புக்கரியோடு சேர்த்து அரைத்துத் தேய்த்தால் சிலேட்டு கருகருவென்று ஆகும். அது சனிக்கிழமை வேலை. யாரும் சொல்லாமலே செய்வோம்.

டீச்சர் ஒருநாளும் வீட்டுப்பாடம் கொடுத்ததில்லை. ஆனால் பால்வாடியில் படித்த எல்லாவற்றையும் வீட்டில் பழகிக்கொண்டேதான் இருந்தோம்.

எங்கள் பகுதியில் பாதிப் பெண்களுக்குப் பீடி சுற்றுவதுதான் பிழைப்பு. அம்மா மடியில் முறத்தை வைத்துச் சுற்றிக்கொண்டிருப்பாள். புகையிலைத் தூள் பக்கம் என்னை விடமாட்டாள். வெட்டியது போக மிஞ்சும் இலைத் துண்டுகளை என்னிடம் தள்ளுவாள். அவற்றை மடிப்பேன், சுருட்டுவேன், பெரிது சிறிது என்று அடுக்குவேன். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம், ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. சாயங்காலம் கட்டுகளை அடுக்கி வைத்துவிட்டு, "ஏட்டி, எத்தனைன்னு எண்ணிச் சொல்லு" என்பாள். நான் பத்து வரை எண்ணி நிறுத்துவேன். "இன்னொரு பத்து எண்ணு. ரெண்டு பத்தும் சேர்ந்தா என்னாச்சு?" என்பாள். பத்து பத்தாகக் கூட்டுவதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள், தன் பெயரை எழுதத் தெரியாத என் அம்மா.

ஆச்சியிடம் பல்லாங்குழி இருந்தது. 14 குழி, குழிக்கு ஐந்தாக 70 புளியமுத்து. எடுத்து, ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டே போய், நான்கு சேர்ந்த குழியைப் 'பசு' என்று அள்ளிக்கொள்ள வேண்டும். கூட்டலும் கழித்தலும் அந்தப் பெயர்கள் இல்லாமலே அங்கே நடந்தன. எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று நான் முன்கூட்டியே கணக்குப் போட்டு முடிக்கும்வரை ஆச்சி விடிய விடியக்கூடப் பொறுமையாகக் காத்திருப்பாள்.

மார்கழியில் வாசல் கோலத்தின் ஒரு மூலை எனக்கு. நேர்ப்புள்ளி ஐந்துக்கு ஐந்து. அதைச் சுற்றிக் கம்பியை வளைத்துக் கொண்டுவர மணிக்கட்டு தானாகத் திரும்பப் பழகும். 'அ'வின் சுழியும் 'இ'யின் வளைவும் தை மாதத்தில் எனக்குச் சுலபமாக வந்ததற்குக் கோலம்தான் காரணம்.

வீடும் பால்வாடியும் முட்டிக்கொண்ட ஒரே இடம் 'இலை'. ஆச்சிக்குக் கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரியும். அவள் போட்ட 'லை'க்கு முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு இருக்கும். சுவர்ப் படத்தில் அது இல்லை. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியபோது ணை, லை, ளை, னை போன்றவற்றின் பழைய உருவங்கள் போய்விட்டன என்பது எனக்கு எப்படித் தெரியும்? சிலேட்டைத் தூக்கிக்கொண்டு டீச்சரிடம் போனேன். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டி, "ஆச்சி எழுதினதும் சரிதான் மக்கா. அது அவங்க காலத்து எழுத்து, இது உன் காலத்து எழுத்து" என்றார். அன்று அவர் ஆச்சியைத் தப்பென்று சொல்லியிருந்தால், மறுநாளிலிருந்து வீட்டில் யார் சொல்வதையும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

இன்று தமிழ்நாட்டில் எங்கள் பால்வாடி போன்ற அங்கன்வாடி மையங்கள் 54 ஆயிரத்துக்கும் அதிகமாக இருக்கின்றன. 2019இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் வந்தன. மகிழ்ச்சிதான். ஆனால் தனியார் மழலையர் பள்ளிக்குப் போகும் என் உறவுக்காரக் குழந்தை ஒன்று, நான்கு வயதில் இரவு ஒன்பது மணிக்கு நான்கு கோட்டு நோட்டில் அழுதுகொண்டே எழுதுவதைப் பார்க்கிறேன். மணிக்கட்டில் 8 சிறிய எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகத்தான் இருக்கும். நான்கு வயதில் ஏறத்தாழப் பாதிதான் எலும்பாக இறுகியிருக்கும். கடைசி எலும்பு இறுக 9 வயதுக்கு மேல் ஆகும். அந்தக் கைக்கு மணலும் மாவும் களிமண்ணும் புளியமுத்தும் முதலில் வேண்டும். பென்சில் அதற்குப் பிறகு வரலாம்.

இன்னொன்றும் என்னை வருத்துகிறது. ஆங்கில நோட்டைப் பார்த்ததும், "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, டியூஷன் வச்சிருக்கோம்" என்று அந்தக் குழந்தையின் பாட்டி ஒதுங்கிக்கொள்கிறார். வெங்காயத்தைப் பெரிது சிறிதாகப் பிரிக்கத் தெரிந்தவர், ஒரு முழம் பூ கட்டத் தெரிந்தவர், தாயக்கட்டம் ஆடத் தெரிந்தவர் அவர். மழலை வகுப்பின் பாடத்தில் பாதி அவர் கையில் இருக்கிறது. அதை அவரிடமிருந்து நாம்தான் பிடுங்கிவிட்டோம்.

என் அம்மாவும் ஆச்சியும் டீச்சருக்குச் சமமாக எனக்குப் பாடம் நடத்தினார்கள். அது பாடம் என்று அவர்களுக்குத் தெரியாது, டீச்சருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அவர் வீட்டுப்பாடம் கொடுக்கவில்லை. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டாரிடம் நான் கேட்பது இதுதான்: இன்று சாயங்காலம் நோட்டை மூடி வைத்துவிட்டு, பட்டாணி உரிக்கும்போது அவளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். எத்தனை என்று கேளுங்கள். அவள் எண்ணி முடிக்கும்வரை காத்திருங்கள்.