செய்திக்கு விலை கொடுப்பவர் யார்?

ஜேர்மனியில் வாழும் எம்மவர் வீடுகளுக்குத் தவறாமல் வந்து சேரும் கடிதங்களுள் ஒன்று வானொலி, தொலைக்காட்சிக் கட்டணத்தைக் கேட்டு வருவது. 2013ஆம் ஆண்டிலிருந்து இக்கட்டணம் வீட்டிற்கு ஒன்று என்ற கணக்கில் அறவிடப்படுகின்றது. 2021இல் அது மாதம் 18.36 யூரோவாக உயர்ந்தது. அரச உதவிப்பணத்தில் வாழ்வோர் விண்ணப்பித்து விலக்குப் பெறலாம். ஏனையோர் கட்டியே ஆகவேண்டும். “நாங்கள் பார்ப்பது தமிழ்த் தொலைக்காட்சி. இவர்களுக்கு எதற்குக் காசு?” என்ற முறைப்பாட்டைக் கோயில் வீதியிலும் கொண்டாட்ட மண்டபங்களிலும் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு விடை தேடப் புகுந்தால், செய்திக்கும் அரசுக்கும் சனநாயகத்துக்கும் உள்ள உறவு முழுவதையும் பேசவேண்டி வரும். அந்த உறவு கெட்டால் என்ன நேரும் என்பதை எம்மைவிட நன்கறிந்தவர் யார்?

முதலில் எமது நாட்டைப் பார்ப்போம். இலங்கையில் வானொலி தொடக்கத்திலிருந்தே அரசின் கையில் இருந்தது. பத்திரிகைகள் தனியாரிடம் இருந்தன. 1973இல் ஒரு விசேட சட்டத்தின் மூலம், தினகரன், தினமின, டெய்லி நியூஸ் முதலியவற்றை வெளியிட்ட லேக் ஹவுஸ் நிறுவனத்தின் பங்குகளில் 75 சதவீதம் உரிமையாளர்களிடமிருந்து எடுக்கப்பட்டுப் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு குடும்பத்தின் ஆதிக்கத்தை நீக்கிப் பங்குகளைப் பரவலாக்குவதே நோக்கம் என்றனர். பங்குகள் பரவலாகவில்லை, ஆசிரியர்களை நியமிக்கும் அதிகாரம் ஆட்சியாளரிடம் போய்ச் சேர்ந்தது. 1977இல் ஆட்சி மாறியபோது புதியவர்களும் அதனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதன் பின்னர் எந்தக் கட்சி வந்தாலும் அந்நிறுவனம் வந்தவரின் ஊதுகுழலாயிற்று. கையில் கிடைத்த கருவியைத் தாமாகக் கீழே வைத்த ஆட்சியாளரை நாம் காணவில்லை.

அரசின் கைக்கு எட்டாத பத்திரிகைகளுக்கு வேறு வழிகள் இருந்தன. 1981 யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொதுநூல்நிலையம் எரிந்த அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. 1983இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்த சட்டர்டே றிவியூ என்ற ஆங்கில வார இதழுக்கு முத்திரையிடப்பட்டது. 2006 மே 2ஆம் நாள் உதயன் அலுவலகத்தினுள் புகுந்தவர்கள் ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றனர். 2009 சனவரி 8ஆம் நாள் கொழும்பில் பத்திரிகையாசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டார். அவர் சிங்களவர். உண்மையை எழுதும் பேனாவுக்கு வந்த ஆபத்து, இனம் பார்த்து நின்றுவிடவில்லை.

1990களின் முதற் பாதியில் நான் யாழ்ப்பாணத்தில் சமூகக்கல்வி கற்பித்தேன். மின்சாரம் இல்லை. பற்றறிகளுக்குத் தடை. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். அச்சுத்தாள் வராத நாட்களில் கோடிட்ட கொப்பித்தாளில் பத்திரிகை வந்தது. ஒரே சண்டையைப் பற்றிக் கொழும்பு வானொலி ஒரு தொகையைச் சொல்லும், எமது பக்கத்து வானொலி வேறொரு தொகையைச் சொல்லும், பி.பி.சி. தமிழோசை இரண்டையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். மறுநாட் காலையில் “எது உண்மை ரீச்சர்?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். தேர்தல், பாராளுமன்றம், வாக்குரிமை ஆகியவற்றைச் சனநாயகத்தின் அடையாளங்களாகப் படிப்பித்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த வரிசையில் முதலில் வரவேண்டிய ஒன்றைப் பிள்ளைகளே சுட்டிக்காட்டுகிறார்கள் என்று தோன்றும்.

1995 செப்டெம்பரில் போர்ச் செய்திகளுக்கு அரசு தணிக்கை விதித்தது. அதே மாதம் 22ஆம் நாள் நாகர்கோவில் மகா வித்தியாலயத்தின்மீது விமானக் குண்டுகள் வீழ்ந்து மாணவர்கள் மடிந்தனர். எங்கள் ஊர்களில் அச்செய்தி வாய்வழியாகவே பரவிவிட்டது. தணிக்கையினால் மறைக்கப்பட வேண்டியிருந்தது எங்களுக்கல்ல. தென்னிலங்கையிலுள்ள தாய் தந்தையருக்கு. அவர்களிடம் வாக்குச் சீட்டு இருந்தது. அந்தச் சீட்டைக் கொண்டு எதனைத் தடுக்கவேண்டும் என்ற அறிவு அவர்களைச் சென்றடையாதபடி மறிக்கப்பட்டது. தணிக்கை என்பது எழுதுபவனின் வாயை மட்டும் கட்டுவதன்று. வாக்களிப்பவனின் கண்ணையும் கட்டுகின்றது.

நாம் புகலிடம் பெற்றுள்ள இந்த நாடும் இப்பாடத்தை எளிதாகக் கற்கவில்லை. 1933இல் மலிவான வானொலிப் பெட்டிகளை வீடு வீடாகக் கொண்டுசேர்த்த நாசி அரசு, 1939 செப்டெம்பரில் அயல்நாட்டு வானொலிகளைக் கேட்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. போருக்குப் பின்னர் சனநாயகம் வந்தபோதும் ஆசை விட்டுவிடவில்லை. அரசுத் தலைவர் அடெனவர், மத்திய அரசின் பிடியில் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தை அமைக்க முயன்றார். 1961 பெப்ரவரி 28ஆம் நாள் அரசியலமைப்பு நீதிமன்றம் அதனைத் தடுத்தது. ஒளிபரப்பு அரசுக்கோ ஏதேனும் ஒரு கூட்டத்துக்கோ உரியதாகிவிடக் கூடாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அடுத்த ஆண்டு டெர் ஸ்பீகல் இதழ், நாட்டின் படை போதிய ஆயத்தமின்றி இருக்கிறது என்று எழுதியது. 1962 ஒக்டோபர் 26ஆம் நாள் இரவு ஹம்பேர்க் நகரிலிருந்த அதன் அலுவலகத்தினுள் பொலிசார் புகுந்தனர். வெளியீட்டாளர் ருடோல்ப் அவுக்ஸ்டைன் 103 நாட்கள் சிறையிலிருந்தார். நாட்டுத் துரோகம் என்று அடெனவர் பாராளுமன்றத்திலேயே முழங்கினார். அப்போது நடந்தவற்றைக் கவனியுங்கள். அக்கட்டிடத்திலிருந்த ஏனைய பத்திரிகைகள் தமது அறைகளையும் கருவிகளையும் கொடுத்து ஸ்பீகல் தொடர்ந்து வெளிவர உதவின. மாணவர்கள் வீதியில் இறங்கினர். கூட்டணிக் கட்சி அமைச்சர்கள் பதவி விலகினர். பாதுகாப்பு அமைச்சர் ஸ்ட்ராவுஸ் பதவி இழந்தார். 1965இல் வழக்கும் கைவிடப்பட்டது. அரசு நல்லதாக இருந்ததனால் இப்பத்திரிகை பிழைக்கவில்லை. போட்டியாளரும், மாணவரும், நீதிமன்றமும் இருந்ததனால் பிழைத்தது.

இனி அந்தக் கட்டணக் கடிதத்துக்கு வருவோம். அந்தப் பணம் அரசின் வரவு செலவுத் திட்டத்தினுள் போவதில்லை. ஒரு செய்தி பிடிக்கவில்லை என்று நிதியமைச்சர் கொடுப்பனவை நிறுத்திவிட முடியாது. எவ்வளவு தேவை என்று கணக்கிடத் தனியான நிபுணர் குழு இருக்கின்றது. குறை இல்லை என்று சொல்லமாட்டேன். மேற்பார்வைச் சபைகளில் அரசியற் கட்சியினர் அதிகம் இருந்தமையால், 2014இல் அதே நீதிமன்றம் இரண்டாவது தொலைக்காட்சியின் சபையில் அரசு சார்ந்தோர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருத்தலாகாது என்று தீர்ப்பளித்தது. இது ஒருமுறை கட்டி முடித்த வீடன்று. ஆண்டுதோறும் வரம்பு கட்டவேண்டிய வயல்.

எமது செய்தித்தாள்களுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் விலை கொடுப்பவர் யார் என்பதையும் நாம் கேட்கவேண்டும். நகைக்கடை விளம்பரமும் அமைப்புகளின் தயவும் மட்டுமே நம்பிப் பத்திரிகை நடத்துபவர் எவரைப் பகைக்க முடியும்? ஊரில் ஆயுதம் ஏந்தி நின்ற எம்மவருக்கும் கேள்வி கேட்பவரைப் பிடிக்கவில்லை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. பிடித்ததை எழுதினால் அறிஞர், பிடிக்காததை எழுதினால் துரோகி என்ற பழக்கம் கடல் கடந்தும் எம்முடன் வந்திருக்கின்றது. அடெனவர் உச்சரித்ததும் அந்தச் சொல்லைத்தான். அச்சொல் எந்த வாயிலிருந்து வந்தாலும் அதன் வேலை ஒன்றே.

ஆகவே, தமிழ்ப் பத்திரிகையை இரவல் வாங்கிப் படிப்போர் சந்தா கட்டுங்கள். உடன்பாடில்லாத கட்டுரைக்குத் தொலைபேசியில் ஏசாமல் மறுப்பு எழுதி அனுப்புங்கள். ஆசிரியரிடம் அதற்கு இடம் கேளுங்கள். இந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள், இந்நாட்டுச் செய்தியையும் கேட்டபின் வாக்களியுங்கள். பிள்ளைகள் ஒரு செய்தியைக் கொண்டுவந்து காட்டும்போது, இதைச் சொன்னவர் யார், அவருக்குப் பணம் கொடுப்பவர் யார், மறுதரப்பு என்ன சொல்கிறது என்று மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குங்கள். ஊரில் எமக்கு மறுக்கப்பட்ட இக்கேள்விகளை இங்கே கேட்பதற்குத் தடையில்லை.