திங்கட்கிழமைக் கூட்டம்

கூட்டம் என்ற வார்த்தையைக் கேட்டாலே நம்மில் பலருக்குக் கொட்டாவி வந்துவிடும். அதில் தப்பும் இல்லை. வரவேற்பு, தலைவர் முன்னுரை, நாலு பேர் பிரசங்கம், அப்புறம் வந்தனோபசாரம் சொல்ல எழுந்திருக்கும் ஆசாமி அத்தனை பேர் பேசியதையும் சுருக்கி இன்னொரு தரம் சொல்வது! இந்த வியாதி நம் ஊருக்கு மட்டும் சொந்தம் என்று யாராவது நினைத்தால் அமெரிக்காவுக்கு வந்து பார்க்கலாம். இங்கே மாலைக்குப் பதில் கழுத்தில் பெயர் அட்டை தொங்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

பிலடெல்பியா நகரத்துக்கு நாங்கள் குடிவந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. சின்ன வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். நகரத்தின் மேற்குப் பகுதியில் ஐம்பத்திரண்டாவது தெரு என்று ஒரு கடைவீதி இருக்கிறது. அந்தத் தெருவிலும் அதைச் சுற்றியும் கடை வைத்திருக்கும் கறுப்பு அமெரிக்கப் பெண்கள்தான் என் வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர். கணக்கு எழுதுகிறவளிடம் டாக்டரிடம் சொல்வதைவிட அதிகமாகச் சொல்வார்கள். யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தத் தவணை தட்டுகிறது, எந்த மாசம் கடை வாடகைக்காகக் கைவளை போயிற்று எல்லாம் எனக்குத் தெரியும். இந்தச் சம்பந்தத்தினால்தான் அவர்களுடைய வியாபாரிகள் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தேன். பிறகு அவற்றை நடத்துவதிலும் கொஞ்சம் கை கொடுக்கும்படி ஆயிற்று.

2020ஆம் வருஷம் மே மாதம் மின்னியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் பிளாய்டு என்ற கறுப்பு மனிதர் ஒரு போலீஸ்காரரின் முழங்காலுக்கடியில் உயிர் விட்டது உலகத்துக்கே தெரியும். அதற்கப்புறம் பெரிய பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் கறுப்பு வியாபாரிகள் மீது திடீரென்று அக்கறை பிறந்தது. தொற்று நோய் தணிந்து ஜனங்கள் கூடலாம் என்று ஆனதும் ஓட்டல்களில் மகாநாடுகள் கிளம்பின. அப்படி ஒன்றுக்கு நானும் போயிருந்தேன். டிக்கெட் எழுபத்தைந்து டாலர். முந்நூறு பேர். மேடையில் ஆறு பேர் பேசினார்கள். துணிவே துணை, விடாமுயற்சி வேண்டும் என்றெல்லாம் உபதேசம். அந்த முந்நூறு பேரில் அரைவாசிப் பேராவது பொழுது விடியுமுன் எழுந்து கடை திறக்கிறவர்கள். விடாமுயற்சியைப் பற்றி அவர்களுக்கா சொல்லித் தரவேண்டும்?

என் பக்கத்து நாற்காலியில் என் வாடிக்கைக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சர்க்கரைவள்ளிக் கிழங்கை மசித்து, மாவுத் தட்டில் நிரப்பிச் சுட்டெடுக்கிற 'பை' என்ற பலகாரம் செய்து விற்கிறவள். கறுப்பு மக்கள் வீட்டில் பண்டிகை என்றால் நமக்குப் பாயசம் மாதிரி அவர்களுக்கு அது. சாயங்காலம் கணக்குப் பார்த்தால் அவள் கையில் பதினாலு விஸிட்டிங் கார்டு சேர்ந்திருந்தது. ஒரு பலகாரத்துக்குக்கூட ஆர்டர் இல்லை. போதாக்குறைக்கு அன்று சனிக்கிழமை. அவளுக்கு வாரத்திலேயே நல்ல வியாபாரம் நடக்கிற நாள். இன்னொரு வேடிக்கை கேளுங்கள். சபையில் சமையல் தொழில் செய்கிறவர்கள் இருபது பேருக்குக் குறையாது. மத்தியானச் சாப்பாடு வந்தது என்னவோ ஓட்டல் அடுப்படியிலிருந்துதான்!

இதைப் பற்றிப் பேச்சு நடந்தது ஒரு கூந்தல் அலங்காரக் கடையில். கடைக்காரியம்மாளுக்கு எழுபது வயது இருக்கும். பெயருக்கு முன்னால் 'மிஸ்' சேர்த்துத்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நாம் 'மாமி' என்கிற மாதிரி அது ஒரு மரியாதை. அந்த அம்மாள் என்னைப் 'பேபி' என்பார். ஐம்பது வயதுக்கு மேல் நம்மைக் குழந்தையே என்று கூப்பிட ஒருவர் இருப்பது கொடுத்து வைக்கவேண்டிய சமாசாரம்.

"பேபி, இவர்கள் ஏன் எல்லாவற்றையும் சனிக்கிழமை வைக்கிறார்கள் தெரியுமா? அவர்களுக்கு அன்று லீவு. எங்களுக்கு?" என்றார். இந்த ஊரில் கூந்தல் கடைகள் ஞாயிறும் திங்களும் மூடியிருப்பது பழைய வழக்கம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகவேண்டும். ஆகவே திங்கட்கிழமைதான் ஒழிவு. "கூட்டம் என்றால் திங்கட்கிழமை, எங்கள் பெண்கள் பேசவேண்டும், ஓட்டல் வேண்டாம்" என்று மூன்றே வாக்கியத்தில் திட்டத்தை முடித்துவிட்டார். அவருடைய சர்ச்சின் அடித்தளத்தில் ஒரு கூடமும், வார நாட்களில் சும்மா கிடக்கும் பெரிய சமையலறையும் உண்டு.

அந்தக் கடையின் சுவரில் மேடம் ஸி. ஜே. வாக்கரின் படம் மாட்டியிருக்கிறது. அம்மையாரின் கதையை நம் பெண்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1867இல் லூஸியானாவில் ஒரு பருத்திப் பண்ணையில் பிறந்தவர். ஏழு வயதில் தாய் தகப்பன் இரண்டு பேரும் இல்லை. பதினாலு வயதில் கல்யாணம். இருபது வயதில் கைக்குழந்தையோடு விதவை. செயின்ட் லூயிஸ் நகரத்தில் வருஷக்கணக்கில் துணி வெளுத்துப் பெண்ணைப் படிக்க வைத்தார். பிறகு கறுப்புப் பெண்களின் கூந்தலுக்கு ஏற்ற தைலமும் களிம்பும் தயாரித்து விற்க ஆரம்பித்து, இண்டியானாபொலிஸில் சொந்தத் தொழிற்சாலையே வைத்துவிட்டார்.

புக்கர் டி. வாஷிங்டன் என்ற பெரியவர் 1900இல் தேசிய நீக்ரோ வர்த்தக சங்கம் என்று ஒன்றை ஸ்தாபித்திருந்தார். அந்த நாளில் பெயர் அப்படித்தான். 1912இல் சிகாகோவில் அதன் மகாநாடு. வாக்கர் அம்மையாரைப் பேச விடுங்கள் என்று ஒரு பத்திரிகை அதிபர் எழுந்து சிபாரிசு செய்தும் தலைவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசி நாள் வரை பொறுத்துப் பார்த்தார் அம்மையார். அப்புறம் சபையில் தாமாகவே எழுந்து நின்றார். பருத்திக் காட்டிலிருந்து வண்ணான் தொட்டிக்கும், அங்கிருந்து சமையற்கட்டுக்கும், அதற்கப்புறம் வியாபாரத்துக்கும் தாம் வந்த வழியைச் சொல்லி, தம் நிலத்தில் தம் தொழிற்சாலையை எழுப்பியதையும் சொன்னார். மறு வருஷம் இதே பிலடெல்பியாவில் மகாநாடு கூடியபோது அதே தலைவர் அழைத்து அவர் மேடையேறிப் பேசினார்.

அதோடு நிற்கவில்லை. 1917 ஆகஸ்டில், இதே ஊரில், யூனியன் பாப்டிஸ்ட் சர்ச்சில், தம்முடைய விற்பனைப் பெண்களின் மகாநாட்டைத் தாமே கூட்டினார். இருநூறு பேர் வரை வந்தார்கள். அதிகமாக விற்றவர்களுக்குப் பரிசு கொடுத்தார் என்பது ஆச்சரியமல்ல. அதிகமாகத் தர்மம் செய்த கிளைகளுக்கும் பரிசு கொடுத்தார் பாருங்கள், அதுதான் அழகு! கறுப்பு மக்களைக் கூட்டமாகச் சேர்ந்து அடித்துக் கொல்வதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று ஜனாதிபதி வில்ஸனுக்கு அந்த மகாநாட்டிலிருந்து தந்தியும் போயிற்று. தைல வியாபாரம் செய்ய வந்த பெண்கள் அனுப்பிய தந்தி அது.

எங்கள் திங்கட்கிழமைக் கூட்டத்தின் விதிகள் எல்லாம் இந்தப் படத்தின் அடியில்தான் உருவாயின. வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிஷம். 'என்னிடம் இது இருக்கிறது, எனக்கு இது வேண்டும்' என்ற இரண்டே விஷயம் சொல்லவேண்டும். பாங்க்கு மானேஜர் வரலாம்; ஆனால் பிரசங்கம் கிடையாது, மற்றவர்கள் போலவே மேஜை முன் உட்காரவேண்டும். குழந்தைகளுக்கு ஒரு மூலை, அதைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குக் கூலி. சாப்பாடு, வந்தவர்களிலேயே சமைக்கிறவர்களிடம்தான் வாங்குவது. தட்டில் கை வைக்குமுன் பணம் அவர்கள் கைக்குப் போய்விட வேண்டும். 'பணம் கிடையாது, ஆனால் உனக்கு நல்ல விளம்பரம்' என்று சொல்லி இனாமாகச் சாப்பிட்டுவிட்டுப் போகிற பெரிய மனிதர்களை இவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

முதல் கூட்டம் ஒரு ஜூன் மாதத்தில் நடந்தது. முப்பத்தொரு பேர் வந்தார்கள். என்னைப் பார்த்து ஓர் இளம்பெண், துணிகளில் சாயம் அச்சிடும் தொழில் செய்கிறவள், நேருக்கு நேர் கேட்டாள்: "இது எங்கள் ஜனங்களின் கூட்டம். உங்களுக்கு இங்கே என்ன வேலை?" கேட்டது நியாயம்தான். 1965இல் வந்த குடியேற்றச் சட்டம் இல்லையென்றால் எங்களைப் போன்ற ஆசியாக்காரர்கள் இத்தனை பேர் இந்த நாட்டில் காலெடுத்து வைத்திருக்க முடியாது. கறுப்பு மக்கள் தெருவிலிறங்கிப் போராடிய காலத்தில் அந்தக் காற்றிலே திறந்த கதவு அது. இதையெல்லாம் அவளிடம் விஸ்தரிக்கவில்லை. "வரவு செலவு எழுதுகிறேன், மேடையேற மாட்டேன்" என்றேன். "அப்படியானால் சரி, என் வரிக் கணக்கையும் பாருங்கள்" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு நிமிஷ வரிசை பலகாரக்காரியிடம் வந்தது. எழுந்தாள். "என்னிடம் எட்டு தட்டு பை இருக்கிறது, சாப்பிடுங்கள். எனக்கு ஒன்றும் வேண்டாம். இந்த மாசத்தோடு தொழிலை நிறுத்துகிறேன்" என்றாள்.

கூடம் நிசப்தமாகிவிட்டது. கடைக்காரியம்மாள்தான், "உனக்கு இன்னும் ஒன்றரை நிமிஷம் இருக்கிறது, பேபி, சொல்லு" என்றார்.

சொன்னாள். பிப்ரவரி மாதம் அமெரிக்காவில் கறுப்பு மக்களின் சரித்திரத்தைக் கொண்டாடுகிற மாதம். அந்தக் கொண்டாட்டத்துக்காக ஒரு பெரிய கம்பெனி—பெயர் வேண்டாம்—அவளிடம் இரண்டாயிரத்து முந்நூறு டாலருக்குப் பலகாரம் வாங்கியது. சாப்பிட்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். பணம் தொண்ணூறு நாளில் வரும் என்றார்கள். நாள் தாண்டியும் வரவில்லை. வெண்ணெய்க்கடைக்காரன் தொண்ணூறு நாள் பொறுப்பானா? சமையலறை வாடகை இரண்டு மாசம் நின்றுவிட்டது. கணக்கு எழுதுகிற எனக்குப் பாக்கி தெரியும். தொழிலையே மூடப்போகிறாள் என்பது எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

பின் வரிசையில் டிரினிடாட் தீவிலிருந்து வந்த தையற்காரி ஒருத்தி. அவள் எழுந்து, "இந்த மாச சுசு என்னுடையது. உன் முறை அக்டோபர். மாற்றிக்கொள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பத்து செகண்டு ஆகியிருக்காது.

சுசு என்றால் என்ன என்று நினைக்கிறீர்கள்? நம் சீட்டேதான்! பத்துப் பெண்கள், மாசம் தலைக்கு இருநூற்றைம்பது டாலர், முறை வைத்து ஒருத்திக்கு மொத்தமும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. மேற்கு ஆப்பிரிக்காவில் யொரூபா ஜனங்கள் இதை 'எஸுஸு' என்பார்கள். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களோடு கடல் தாண்டி வந்து, டிரினிடாடில் 'சுசு' ஆயிற்று. ஜமெய்க்காவில் 'பார்ட்னர்' என்று பெயர். திருவல்லிக்கேணியில் என் தாயார் கட்டிய சீட்டு எனக்கு ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்காக அம்மாவும் ஒரு தரம் இப்படித்தான் முறையை மாற்றிக் கொடுத்தாள். இரண்டு நாள் அப்பா பேசவில்லை.

மேஜையிலிருந்த பாங்க்கு மானேஜர் மெதுவாக, "இதற்கு ஈடு என்ன?" என்று கேட்டார். "முப்பது வருஷமாக ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதுதான்" என்றார் கடைக்காரியம்மாள்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஓர் எண்ணம் உண்டு, சொல்லிவிடுகிறேன். சுசுவைப் பாராட்டிவிட்டு பாங்க்குகள் நழுவிவிடக் கூடாது. இரண்டாயிரத்தைந்நூறு டாலரில் வெண்ணெய் வாங்கலாம்; கடை கட்ட முடியாது. கடை கட்டுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டை அடகு வைத்துத்தான் கடன் வாங்குகிறார்கள். 1930களில் சர்க்கார் ஏஜென்ஸி ஒன்று ஊர் ஊராகப் படம் வரைந்து, கறுப்பு மக்கள் வசிக்கும் இடங்களுக்குச் சிவப்பு மை பூசியது: கடன் கொடுக்க ஆபத்தான பகுதி என்று அர்த்தம். பிலடெல்பியாவுக்கும் அப்படிப் படம் உண்டு. 1968இல் வீட்டு விஷயத்தில் இனபேதம் காட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. அதற்குள் முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. பாட்டனார் வாங்க முடியாமற்போன வீட்டைப் பேத்தி எங்கே அடகு வைப்பாள்? மானேஜர் இதைக் கேட்டுத் தலையாட்டினார். பிறகு அந்த வருஷத்தில் அவர் பாங்க்கு இரண்டு பேருக்குக் கடன் கொடுத்தது. ஏழு பேர் கேட்டிருந்தார்கள்.

பலகாரக்காரி தொழிலை மூடவில்லை. சர்ச் சமையலறைக்கு நகரத்தின் அனுமதி வாங்கி, வாரத்தில் இரண்டு நாள் அங்கே அடுப்பு மூட்டுகிறாள். கல்யாண ஆர்டர்களை விட்டுவிட்டாள். உள்ளங்கை அளவில் சின்னச் சின்னதாகச் செய்து கடைகளுக்குப் போடுகிறாள். கம்பெனிப் பணம் ஜூலைக் கடைசியில் வந்தது. மன்னிப்பு ஒன்றும் கூட வரவில்லை.

வருஷக் கடைசியில் வாக்கர் அம்மையாரைப் பின்பற்றி ஒரு பரிசு வைத்தோம்: மற்றவர்கள் கடைக்கு அதிக வாடிக்கை அனுப்பியவருக்கு. முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் ஓர் ஆண்பிள்ளை பத்தொன்பது பேரை அனுப்பிப் பரிசைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். பெண்களுக்கு அதில் கொஞ்சம் குறைதான்.

போன மாதம் வேறொரு பெரிய கம்பெனி உபயதாரராக வருகிறோம் என்று எழுதியது. மேடைக்குப் பின்னால் தங்கள் பெயர் போட்ட துணி தொங்கவேண்டும், தங்கள் அதிகாரி இருபது நிமிஷம் பேசவேண்டும் என்பது நிபந்தனை. மேடையே கிடையாது, பேச்சு இரண்டு நிமிஷம், சரக்கு வாங்கினால் ஏழு நாளில் பணம் என்று கடைக்காரியம்மாள் சொல்லச் சொல்ல நான் பதில் எழுதினேன். இன்னும் தகவல் இல்லை. கூடத்து வாடகை நூற்றிருபது டாலரைத் தலைக்கு நாலு டாலராகப் போட்டு வசூலித்ததில் கொஞ்சம் மிஞ்சியது. சமையலறைக்குப் பாத்திரம் தேய்க்கிற சோப்பு வாங்கிப் போட்டிருக்கிறோம்.