விளையாட்டுத்தானே!

வாசகர்களே, கணினியில் கார்ப் பந்தயம் ஓட்டும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். என் மகன் ஒருநாள், "இன்று என் பெயரில் கூட்டாளி ஓட்டட்டுமாப்பா? விளையாட்டுத்தானே!" என்றான்.

நடந்த ஒன்றைச் சொன்னேன். கொரோனாவால் பந்தயத் திடல்கள் மூடிக்கிடந்த 2020-இல், ஃபார்முலா ஈ ஓட்டுநர்கள் யுனிசெஃப் நிதிக்காக வீட்டிலிருந்தே இணையத்தில் போட்டியிட்டார்கள். பின்தங்கியே வந்த ஜெர்மானியர் டேனியல் ஆப்ட், மே 23-இல் திடீரென மூன்றாவதாக வந்தார். காணொளியில் முகம் சரியாகத் தெரியவில்லை. சக ஓட்டுநர்களுக்குச் சந்தேகம். விசாரித்தால், ஓட்டியவர் கணினிப் பந்தயத்தில் கைதேர்ந்த ஓர் இளைஞர்!

சோதனை மண்டபத்தில் இதை ஆள்மாறாட்டம் என்போம். வேடிக்கைக்குச் செய்தேன் என்றார் ஆப்ட். தகுதி நீக்கம், 10,000 யூரோ அறநிதிக்குக் கட்டினார், நிஜக் கார் ஓட்டும் வேலையும் போயிற்று. (ஆகஸ்டில் வேறோர் அணி எடுத்துக்கொண்டது.)

"ஓட்டிக்கொடுத்தவருக்கு என்னப்பா ஆச்சு?"

"அவரையும் அவருடைய போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள்."

எழுந்துபோய்க் கூட்டாளிக்குப் போன் அடித்தான்.