பையில் கலந்து வந்தவை

ஹவுரா மெயில் தாமதம் என்றால் சென்ட்ரல் ஸ்டேஷனில் காத்திருப்பவர்களைவிட, பக்கத்துக் கட்டடத்தில் நின்ற எங்களுக்குத்தான் பதற்றம் அதிகம். மூர் மார்க்கெட் மீன்கடைகளுக்கு வடக்கத்தி மீன் ரயிலில்தான் வரும். ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பை, அதைச் சுற்றித் தகரப்பெட்டி, மேலே ஈரச்சாக்கு. வண்டி கூடுதலாக ஒரு பகல் எங்காவது நின்றுவிட்டால் பாதி மீன் மல்லாந்துவிடும். கடைக்காரருக்கு அது நஷ்டக் கணக்கு. எங்கள் கவலை வேறு. அந்தப் பையில் எது கலந்து வந்திருக்கிறதோ, பார்க்காமலே அது போய்விடுமே!

கங்கைக் கரையில் வலை போடுகிறவருக்கு லோச் என்றால் லோச். வாயைச் சுற்றி மீசை, உடம்பில் வரி, அடித்தரையில் திரியும் குணம். இவை இருந்தால் எல்லாம் ஒரே பைக்குள் போய்விடும். கடைக்காரர் கேட்டு எழுதியிருப்பது ஒரு சாதி, வந்து சேர்வது மூன்று சாதி.

கடைக்காரர் பாய் பெட்டியைப் பிரித்து, பையை வெள்ளை எனாமல் பேசினில் மெதுவாகக் கவிழ்ப்பார். வலையைக் கிட்டே விடமாட்டார். லோச்சுக்குக் கண்ணுக்குக் கீழே ஒரு முள் உண்டு. சும்மா இருக்கையில் தோலுக்குள் மடங்கிக் கிடக்கும். மிரண்டால் நிமிர்ந்து நின்றுவிடும். வலையில் மாட்டிக்கொண்டால் வலையைக் கத்தரித்துத்தான் மீனை மீட்க வேண்டும். பாலிதீனையே குத்திவிடும் என்பதால் லோச் மட்டும் இரட்டைப் பையில் வரும். பிளாஸ்டிக் மக்கால் மொண்டுதான் எடுப்பார். "முள்ளைத் தூக்கியிருக்கு தம்பி, கையை விடாதே" என்பார், நான் ஏற்கெனவே கையை விட்டிருப்பேன்.

மஞ்சள் உடம்பில் கருப்புப் பட்டைகள் சாய்வாக ஓடினால் போட்டியா டாரியோ. வங்காளத்தில் ராணி என்று பெயர். அங்கே அதைச் சமைத்தும் சாப்பிடுவார்கள். வெள்ளி உடம்பில் ஒய்யும் ஓவுமாக ஆங்கில எழுத்துகள் கிறுக்கியிருந்தால் யோயோ. இவற்றுக்கு நடுவில், மெல்லிய கோடுகள் இரட்டை இரட்டையாக இறங்கும் ஒன்று எப்போதாவது தட்டுப்படும். ரோஸ்ட்ராட்டா. அதற்காகத்தான் அத்தனை நேரம் நின்றது. விலை மட்டும் ஒரே விலை. பாய்க்கு எல்லாமே லோச்.

சிக்கல் என்னவென்றால், வளர வளர லோச்சின் கோலம் மாறும். குஞ்சில் நாலைந்து பட்டையாக இருப்பது, பெரிதாகும்போது பிளந்து, கிளைவிட்டு, வலைப்பின்னலாகிவிடும். வாங்கிய மீனும் தொட்டியில் இருக்கும் மீனும் ஒன்றுதானா என்று வீட்டில் கேட்பார்கள். யோயோ என்று நாம் கூப்பிடுவது 1831-இல் கிரே பெயரிட்ட அல்மோரேயா, 1912-இல் சௌதுரி பெயரிட்ட லோஹாசாட்டாவா, அல்லது இரண்டும் ஒன்றேதானா என்பது மீன் ஆராய்ச்சிக்காரர்களுக்குள்ளேயே நெடுநாள் வழக்கு. பேசின் அருகே குந்தியிருந்த நாங்களும் அதில் வாதாடியிருக்கிறோம்.

அதே கட்டடத்தில் பழைய புத்தகக் கடைகளும் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். அமெரிக்காவில் இன்னெஸ் 1935-இல் போட்ட அலங்கார மீன் புத்தகத்தின் ஏதோவொரு பதிப்பு, அட்டை போய், எவரோ ஓரத்தில் பென்சிலால் குறித்த குறிப்புகளோடு கிடைக்கும். அந்தக் காலப் புத்தகங்களின் பெயர்கள் இன்று செல்லாது. குஹ்லி லோச் அன்று அகாந்தாப்தால்மஸ், இன்று பாஞ்ஜியோ. க்ளௌன் லோச்சும் அன்று போட்டியாதான். 2004-இல் கொட்டெலா அதற்குக் குரோமோபோட்டியா என்று தனிக்குடித்தனம் வைத்துவிட்டார். நம் ஊர் ஆற்று மீனுக்கு நூலகத்துக்குப் போய்ப் பிரான்சிஸ் டேயைப் பிரிக்க வேண்டும். மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்தவர். 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வந்த அவருடைய நூலின் படங்களில் நிறம் கிடையாது, கோடுதான். ஆனால் மீசை எத்தனை ஜோடி, எங்கிருந்து முளைக்கிறது என்பதை அந்தப் படங்களைப் பார்த்துத்தான் எண்ணக் கற்றேன். கவர்னர் டெனிசன் பெயரில்கூட அவர் ஒரு லோச்சை உலவவிட்டிருக்கிறார்.

இத்தனை பாடும் வடக்கத்தி மீனுக்காக. சொந்த ஊர் லோச்சைக் குழம்பில்தான் பார்த்தோம்.

மதுரைப் பக்கம் அயிரையை உயிரோடுதான் வாங்குவார்கள். பெரியம்மா அலுமினியச் சட்டியில் போட்டுப் பாலை ஊற்றி மூடிவைப்பாள். பாலைக் குடித்துவிட்டு வயிற்றுச் சேற்றைக் கக்கும் என்பது கணக்கு. பிறகு கல்லுப்புப் போட்டு மண்சட்டியில் உரசல். தலை கிள்ளுவதில்லை, குடல் எடுப்பதில்லை. பால் ஊற்றுவதற்கு முன் கொஞ்ச நேரம் அந்தச் சட்டி எனக்குச் சொந்தம். ஒன்று மேலே வந்து காற்றை ஒரு வாய் விழுங்கிக் கீழே போகும். குடலாலும் மூச்சு வாங்கக்கூடிய குடும்பம் அது. உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீரோடு ஏந்தி, நெஞ்சுத் துடுப்பை விரித்துப் பார்த்தால் ஆண் எது என்று தெரிந்துவிடும்: உள்பக்கக் கதிர்கள் இரண்டு தடித்து ஒட்டியிருக்கும். கண்ணுக்குக் கீழே விரலை ஓட்டினால் முள் தட்டும். தட்டாதவையும் சட்டியில் சில இருக்கும். அவை அயிரையே அல்ல, நெமாகிலஸ் கூட்டத்து ஓடை மீன்கள். தனியே எடுத்துவைத்தால், "எல்லாம் அயிரைதான், எந்திரிடா" என்று பெரியம்மா திரும்பச் சட்டியில் தள்ளிவிடுவாள்.

அயிரைக்கு 1846-இல் வலன்சியென் பெயர் சூட்டியபோது அவர் கையில் இருந்தது வைகை மீன் அல்ல. திருகோணமலைக்குப் பக்கத்தில், கன்னியா வெந்நீர் ஊற்றில் பிடித்தது. அதனால்தான் தெர்மாலிஸ் என்று வைத்தார். வெந்நீருக்குத் தாக்குப்பிடித்த இனம் எங்கள் வீட்டுப் புளிக்குழம்பில் தோற்றது.

1985 மே 30-ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில்கள் வந்து நிற்கின்றன. நிலையத்துக்கு மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் என்று பெயர். பாயை அதற்குப்பின் பார்க்கவில்லை.

இப்போது மீன் என்றால் கொளத்தூர். தெருத்தெருவாகக் கடைகள், சுத்தமான தொட்டிகள், ஒரே அளவில் ஒரே கோலத்தில் லோச்சுகள். பண்ணைகளில் ஹார்மோன் ஊசி போட்டுப் பொரிக்கவைக்கிறார்கள். கலந்து வர வழியே இல்லை. அபூர்வமாக ஒரு புதுக் கோலம் கண்ணில் பட்டால், அது இரண்டு இனங்களைச் சேர்த்து எடுத்த குஞ்சாக இருக்கும். அதற்குப் பெயர் தேட எனக்கு மனம் வருவதில்லை. பண்ணையில் பொரிப்பது ஆற்றுக்கு நல்லது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். துங்கையில் பிடித்து 1920-இல் நாராயண ராவ் விவரித்த வரிக்குதிரை லோச், போட்டியா ஸ்ட்ரையேட்டா, இன்று அழிவு அபாயப் பட்டியலில் இருக்கிறது. தொட்டிக்காக அள்ளியதும் அதற்கு ஒரு காரணம்.

ஆனாலும் கலந்து வருவது அடியோடு நின்றுவிடவில்லை. கோழிக்கோடு பக்கம் ஒரு வீட்டுக் கிணற்றிலிருந்து வந்த மீன் 2019-இல் பாஞ்ஜியோ புஜியா என்று பெயர் வாங்கியது. செக்கச்செவேல் என்று நூலாட்டம், முதுகுத் துடுப்பே கிடையாது. செங்கன்னூரில் இன்னொன்று கிணற்று நீரோடு குளிக்கும் வாளிக்கே வந்து, பிறகு பாஞ்ஜியோ பாதாளா என்று பெயர் வாங்கியது. அந்தச் செய்தி வந்ததிலிருந்து கேரளத்தில் குடியிருக்கும் தங்கை மகனை நான் விடுவதில்லை. போன மழையில் அவனே கூப்பிட்டான்.

"மாமா, குழாயில செகப்பா ஒண்ணு வந்திருக்கு. மண்புழுதான்னு நினைக்கிறேன்."

"வெள்ளைக் கிண்ணத்துல போடு. மீசை இருக்கா பாரு. மண்புழுவுக்கு மீசை கிடையாது."

"நெளிஞ்சுக்கிட்டே இருக்கு, தெரியல."

"போனை வச்சிட்டு லென்ஸை எடுடா. தண்ணியைக் கீழே ஊத்திடாதே."