பழைய கதவு வாங்கலாம், பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வேண்டாம்

வீட்டை இடிச்சா கதவு, ஜன்னல், தேக்கு உத்திரம், இரும்பு கிரில் எல்லாம் எங்க போகுதுன்னு யோசிச்சிருக்கீங்களா?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனவங்களுக்குத் தெரியும். செட்டிநாட்டு வீடுகளின் தூணும் நிலைக்கதவும் அங்கே விலைக்குக் கிடைக்கும். மறுபயன்பாடு நமக்குப் புதுசு இல்லை.

இதைப் பெரிய அளவில் செஞ்சா? பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் ரோட்டார் டிசி என்ற கூட்டுறவு நிறுவனம், ஒரு பழைய சாக்லேட் ஆலைக்குள் இப்படி ஒரு மையம் நடத்தியது. இடிபடும் கட்டடங்களின் டைல்ஸ், கதவு, விளக்குகளைப் பத்திரமா கழற்றி, சுத்தம் செய்து, பொதுமக்களுக்கு விற்றார்கள்.

நமக்கு மூடிய ஆலைகளுக்கா பஞ்சம்? கோவையில் தேசியப் பஞ்சாலைக் கழக மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றவை. உயரமான கூடம், லாரி வந்து திரும்ப இடம். வேறென்ன வேண்டும்?

ஒரு அரசு மருத்துவரா எனக்கு இதில் அக்கறை வேற காரணத்துக்காக. இன்னிக்கு இடிச்ச பொருள் யார் கண்ணிலும் படாமல் கை மாறுது. நல்ல தேக்குக் கதவு வசதியானவர் வீட்டுக்குப் போகும். உடைஞ்ச ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஏழை வீட்டுக் கூரைக்குப் போகும். பொது மையம் இருந்தால் வாசலிலேயே ஒருவர் பார்த்து, "இது உள்ளே வரக்கூடாது" என்று நிறுத்த முடியும்.

எதையெல்லாம் கவனிக்கணும்?

1. ஆஸ்பெஸ்டாஸ்: இதன் எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 50க்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. இங்கே புது ஷீட்டே கடையில் கிடைக்குது. நோய் தெரிய 20, 30 வருஷம்கூட ஆகும். உங்க வீட்டுக் கூரை உடையாமல் இருந்தால் பயப்படாதீங்க. ஆனா அறுக்காதீங்க, துளை போடாதீங்க, தேய்க்காதீங்க. பழைய ஷீட் வாங்கவே வேண்டாம். மில் கொட்டகைக் கூரையே ஆஸ்பெஸ்டாஸ் என்றால், பயிற்சி பெற்றவர்கள் அதை அகற்றிய பிறகே மற்ற வேலை.

2. சிலிக்கா தூசி: கான்கிரீட், கல், டைல்ஸ் அறுக்கும்போது வருவது. வாயில் துண்டு கட்டினால் போதாது, நுண்ணிய துகள் உள்ளே போயிடும். தண்ணீர் ஊற்றி அறுக்கணும், என்95 மாஸ்க் போடணும். சிலிக்கோசிஸ் வந்த நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்து இல்லை. காசநோய் ஆபத்தும் கூடும்.

3. பழைய பெயிண்ட்: பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவில் ஈயம் அதிகம் இருக்கலாம். காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் இருக்கக்கூடாது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

4. ஆணி: குத்தினா சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்னிக்கே ஆரம்ப சுகாதார நிலையம் போங்க. தடுப்பூசி இலவசம்.

வீடு இடிக்கப்போறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். கூலி பேசும்போதே மாஸ்க்கையும் தண்ணீரையும் சேர்த்துப் பேசுங்க. மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்லை.

இடிக்கும் வேலை செய்யும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்: இருமல் இரண்டு வாரம் தாண்டினா அரசு மருத்துவமனைக்கு வாங்க, சளிப் பரிசோதனை இலவசம். என்ன வேலை, எத்தனை வருஷமா செய்றீங்கன்னு டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்க. எக்ஸ்ரேயை நாங்கள் பார்க்கும் விதமே அதனால் மாறும்.