அம்மா பிடித்த கியர்

கலியாணமாகிப் புக்ககம் போகிற பெண்ணுக்கு நம் வீடுகளில் சொல்லும் புத்திமதிகளை எல்லாம் ஒன்றாகப் பிழிந்தால் ஒரே ஓர் இங்கிலீஷ் வார்த்தைதான் மிஞ்சும்: "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ!" அந்த வார்த்தையை வேறு பக்கமாகவும் திருப்பலாம் என்று எனக்குக் கற்றுக் கொடுத்தவர், சேலத்தில் ஒரு மோட்டார் மெக்கானிக்.

எங்கள் வீட்டில் அப்போது ஓர் அம்பாஸடர் கார் இருந்தது. 1984-ஆம் வருஷத்து வண்டி. அப்பா அதைப் பழைய வண்டியாகத்தான் வாங்கினார். கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் தயாரான அந்தக் கார் 2014-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டதல்லவா? ஆகவே, பார்த்திராத நேயர்களுக்காகச் சொல்கிறேன். அந்த நாளைய அம்பாஸடரில் கியர்க் கம்பு தரையில் இராது. ஸ்டியரிங் தண்டிலிருந்து இடப் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். முன் ஸீட்டோ பள்ளிக்கூடத்துப் பெஞ்சு மாதிரி ஒரே நீளம். அதில் அப்பா, நடுவே அம்மா, ஜன்னலோரம் நான். பின்னால் பாட்டியும் தம்பியும், எலுமிச்சம்பழச் சாதத் தூக்கும்.

எங்கள் வண்டிக்கு ஒரு வியாதி. சமவெளியில் சாதுவாக ஓடும். மலையிலிருந்து இறங்கும்போது மட்டும் இரண்டாவது கியர் நிற்காது. 'டக்'கென்று நழுவி நியூட்ரலில் வந்து உட்கார்ந்துவிடும். அப்பா அதற்குச் செலவில்லாத பரிகாரம் ஒன்று கண்டுபிடித்தார். "நீ கொஞ்சம் பிடிச்சுக்கோ!"

சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள். திரும்பி வரும்போது இருபதிலும் அம்மா வலக்கையால் கியர்க் கம்பை அழுத்திப் பிடித்தபடியே வருவாள். "கை வலிக்குதுங்க" என்று ஒரே ஒரு தடவை சொல்வாள். "இதோ அடிவாரம் வந்தாச்சு. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்பார் அப்பா.

2003-ஆம் வருஷம் மே மாதம். பாதி மலை இறங்கியிருப்போம். பின் ஸீட்டில் தம்பி வாந்தியெடுக்க, அம்மா பதறித் திரும்பினாள். ஒரு விநாடிதான் கையை எடுத்தாள். 'டக்!'

எஞ்சினின் உறுமல் சட்டென்று அடங்கியது. அந்த நிசப்தம் இருக்கிறதே, அதுதான் பயங்கரம். இறக்கத்தில் வண்டியைக் கட்டுப்படுத்துவது பிரேக் மட்டும் அல்ல. கீழ்க் கியரில் இருந்தால், ஓட விரும்பும் சக்கரங்களை எஞ்சினே இழுத்துப் பிடித்துக் கொள்ளும். கியர் கழன்றதும் அந்தப் பிடி போயிற்று; பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில். வண்டி வேகம் பிடிக்க, பாட்டி முருகனைக் கூப்பிட, அப்பா பிரேக்கை மிதித்து மிதித்து எப்படியோ ஓரத்துச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினார். தீய்ந்த வாடை அடித்தது. யாரும் பேசவில்லை. அம்மா, ஏதோ தப்புச் செய்துவிட்டவள் போலத் தன் வலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஒரு பட்டறையில், கியர் பாக்ஸையே இறக்கிப் பிரிக்க வேண்டும் என்றார்கள். செலவைக் கேட்டு அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. இரண்டாவது பட்டறையில் ஒரு வயதானவர் இருந்தார். அவர் எதையும் பிரிக்கவில்லை. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "சார், ரெண்டாவதுல போடுங்க... எடுங்க... மறுபடி போடுங்க" என்று அப்பாவை வேலை வாங்கினார். ஸ்டியரிங் தண்டின் அடியிலிருந்து கியர் பாக்ஸுக்குப் போகும் கம்பிகளின் மேலேயே அவர் கண் இருந்தது.

"கை போற தூரம் கம்பி போகலைங்க" என்றார்.

விஷயம் இதுதான். கியர் விழுவது என்றால், உள்ளே ஒரு வளையம் நகர்ந்து பல்லோடு பல்லாக முழுவதும் கோத்துக் கொள்ள வேண்டும். எங்கள் வண்டியில் கம்பி மூட்டுகளின் புஷ்கள் தேய்ந்து ஆடிப் போயிருந்தன. மேலே கம்பு தன் எல்லையைத் தொட்டுவிடும். உள்ளே வளையமோ பாதி வழியில் நிற்கும். நுனிப் பல்லில் தொற்றிக்கொண்டிருந்தால் எத்தனை நேரம் தாங்கும்? இறக்கத்தில் சக்கரம் எஞ்சினைத் தள்ளும்போது கழன்றுவிடும். குற்றம் வண்டியின் பேரில் இல்லை. பத்தொன்பது வருஷத் தேய்மானமும் எங்கள் அசிரத்தையும்தான்.

புதுப் புஷ்கள் போட்டார். பூட்டு நட்டைத் தளர்த்திக் கம்பியின் நீளத்தைச் சில சுற்றுக்கள் திருத்தினார். எல்லாக் கியரும் முழுக்க விழுகிறதா என்று பார்த்து நட்டை இறுக்கினார்.

"இத்தனை நாள் எப்படிச் சார் மலை இறங்கினீங்க?"

"நான்தான் பிடிச்சுப்பேன்" என்றாள் அம்மா.

"பிடிக்கக் கூடாதும்மா. நீங்க அழுத்த அழுத்த உள்ளே இருக்கிற கவை உரசித் தேயும். அட்ஜஸ்ட் ஆக வேண்டியது நீங்க இல்லே, இந்தக் கம்பிதான்!"

அப்பா பானெட்டை மூடுவதில் மும்முரமாக இருந்தார்.

இன்று உங்கள் வீட்டுக் காரில் கியர்க் கம்பு தரையில் இருக்கும். கம்பிக்குப் பதில் கேபிளும் இருக்கலாம். ஆனால் கியர் நழுவினால் சோதனை அதேதான். கம்பு முழுத் தூரம் போகிறதா, தடித்த விரிப்போ அழகுக்குப் போட்ட உறையோ தடுக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓட்டும்போது அதன் மேல் கையை வைத்தே இருக்காதீர்கள். அடுத்து இணைப்பைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் நழுவினால்தான் உள்ளே இருக்கும் ஸ்பிரிங், பல் இவற்றின் மேல் சந்தேகப்பட வேண்டும். எதுவானாலும் மலை ஏறுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

அடுத்த வருஷம் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது அம்மா என்னை நடுவில் தள்ளிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து கொண்டாள். இரண்டாவது கியர் அசையவில்லை. ஒரு வளைவில் கீழே சமவெளி விரிந்ததும், "ஏங்க, இங்கேருந்து பார்த்தா சேலம் இவ்வளவு அழகாவா இருக்கு?" என்று கேட்டாள்.

அத்தனை வருஷமாக அந்தப் பாதையில் வந்தவள் அவள்!