சைபராயாவின் ஓரத்தில் ஒரு ஊர்

2019இல் வந்த 'எஜென் அலி' திரைப்படத்தை எங்கள் பண்டமாரான் வீட்டில் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். உசாமா சைட் இயக்கிய மலேசியப் படம். அவர்களுக்கு அதில் சண்டையும் உளவுக் கருவிகளும் போதும். என் மனம் பிங்கிரானிலேயே நின்றுவிடுகிறது. மின்னும் சைபராயா நகரம் வளர வளரக் கைவிட்ட குடியிருப்பு அது. அந்த ஊரை நினைத்து, படத்தில் வரும் நிக்கி என்ற பாத்திரம் கொள்ளும் கோபத்தில் நியாயம் இருக்கிறது. குழந்தைகள் படத்தில் இதைத் துணிந்து வைத்தார்களே, பெரிய விஷயம்.

"அந்த ஊரை ஏம்பா யாருமே கவனிக்கல?" என்றான் மகன்.

படத்தை நிறுத்திவிட்டு, அவன் பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டத்தைப் பற்றிச் சொன்னேன். கிள்ளான் வட்டாரத்தில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, லயத்து வீடுகளைக் காலி செய்தவர்கள் நம் ஆட்கள்தான். வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. கோயிலையும் தமிழ்ப்பள்ளியையும் எங்கே கொண்டுபோவது என்று எத்தனை குடும்பங்கள் அலைந்தன!

"அப்ப பாட்டிக்கு யாரு வீடு கொடுத்தா?"

யாரும் கொடுக்கவில்லை, ஐயா. தாத்தாவும் பாட்டியும் கூட்டு கட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கியதுதான் இந்த வீடு.